சமமானவர்களுள் முதல்வர்

(இரண்டாம் ஆண்டு, பி.எஸ்ஸி. வேதியியல்)

கன்றைப் பறிகொடுத்த பசு ஒன்று அரண்மனை வாயிலில் தொங்கிய ஆராய்ச்சி மணியை அடித்தது. கன்றைத் தேர்க்காலில் கொன்ற தன் மகன் மீதே தேரைச் செலுத்தத் துணிந்தான் சோழ மன்னன். இக்கதையைக் கேளாமல் வளர்ந்த தமிழ்க் குழந்தை உண்டோ? அம்மனுநீதிச் சோழனின் சிலை இன்றும் சென்னை உயர் நீதிமன்ற வளாகத்தில் நிற்கிறது.

அன்று நீதி வழங்குபவன் ஒருவனே. மணியோசை நேரே அவன் செவிக்குச் சென்றது. இன்றோ நீதிபதிகள் பலர். நாம் அடிக்கும் மணி அவர்களுள் யார் செவிக்குச் செல்ல வேண்டும்? இதைத் தீர்மானிப்பவரே தலைமை நீதிபதி. அவர் பதவியின் உயிர்நாடி இதுதான் என்பதை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

வாக்கு ஒன்றே

தாசில்தாருக்கு மேல் கலெக்டர் இருப்பதுபோல, நீதிபதிகளுக்கு மேல் தலைமை நீதிபதி இருக்கிறார் என்று நம்மில் பலர் எண்ணுகிறோம். அது சரியன்று. அவர் சமமானவர்களுள் முதல்வர், அவ்வளவே. தீர்ப்பு என்று வரும்போது அவருக்கும் ஒரே வாக்குத்தான்.

2017 ஆகஸ்ட் 22-ல் ஐந்து நீதிபதிகள் கொண்ட உச்ச நீதிமன்ற அமர்வு, முத்தலாக் முறை செல்லாது என்று மூன்றுக்கு இரண்டு என்ற கணக்கில் தீர்ப்பளித்தது. அன்றைய தலைமை நீதிபதி கேஹர் தோற்ற இருவருள் ஒருவர்! 2022 நவம்பர் 7-ல், பொருளாதாரத்தில் நலிந்த பிரிவினருக்கான 10 விழுக்காடு இடஒதுக்கீடு செல்லும் என்று மூவர் கூறினர்; செல்லாது என்ற இருவருள் தலைமை நீதிபதி லலித் ஒருவர். தலைவரின் கருத்து தோற்றது. நீதிமன்றத்தின் தீர்ப்பு நின்றது. இதுவன்றோ நீதித்துறையின் பெருமை!

உப்பும் வழக்கும்

வாக்கில் சமம் என்றால் தலைமை எதில் இருக்கிறது? நம் ஆய்வகத்திலிருந்தே ஓர் உவமை கூறுகிறேன். செய்முறைத் தேர்வில் நம் ஒவ்வொருவருக்கும் ஓர் உப்பு தரப்படுகிறது. எளிய உப்பு கிடைத்தவன் சிரிக்கிறான். பாஸ்பேட் கலந்தது கிடைத்தவன் வியர்க்கிறான். சோதனை செய்வது நாம்தான். ஆனால் யாருக்கு எந்த உப்பு என்று பங்கிடும் கை எவ்வளவு முக்கியமானது! அந்தக் கை மீது ஐயம் எழக்கூடாது என்பதற்காகத்தான் சீட்டுக் குலுக்கிப் போடும் வழக்கம் வந்தது.

உச்ச நீதிமன்றத்தில் தொடக்கத்தில் தலைமை நீதிபதியையும் சேர்த்து எண்மரே இடம்பெறலாம். 2019-ல் அவ்வெண்ணிக்கை 34 ஆக உயர்த்தப்பட்டது. இத்தனை பேரும் ஒன்றாக அமர்ந்து ஒரு வழக்கைக் கேட்பதில்லை. இருவராக, மூவராக, பெரிய அரசியலமைப்பு வினா எழுந்தால் ஐவராகவோ அதற்கு மேலோ அமர்கின்றனர். எந்த அமர்வில் யார் யார், எந்த வழக்கு எந்த அமர்வுக்கு என்று பங்கிடும் அதிகாரம் தலைமை நீதிபதியிடம் உள்ளது. ஆங்கிலத்தில் இதனை 'மாஸ்டர் ஆஃப் தி ரோஸ்டர்' என்பர். உயர் நீதிமன்றங்களிலும் இவ்வதிகாரம் அங்குள்ள தலைமை நீதிபதிக்கே உரியது என்று 1998-ல் உச்ச நீதிமன்றம் தெளிவாக்கியது.

2018 ஜனவரி 12-ல் நாடே வியந்த நிகழ்ச்சி நடந்தது. உச்ச நீதிமன்றத்தின் மூத்த நீதிபதிகள் நால்வர், செலமேஸ்வர், கோகோய், லோகூர், குரியன் ஜோசப் ஆகியோர், பத்திரிகையாளரைக் கூட்டி, வழக்குகள் பங்கிடப்படும் முறையில் தங்களுக்குள்ள மனக்குறையை வெளிப்படையாகக் கூறினர். அதே ஆண்டு பிப்ரவரி முதல் எந்த நீதிபதிக்கு எவ்வகை வழக்குகள் என்ற பட்டியல் பொதுமக்கள் அறிய வெளியிடப்பட்டது. ஆயினும் பங்கிடும் அதிகாரம் தலைமை நீதிபதிக்கே உரியது என்று ஜூலையில் நீதிமன்றம் மீண்டும் உறுதி செய்தது.

பிற நாடுகளில்

அமெரிக்க உச்ச நீதிமன்றத்தில் 1869 முதல் ஒன்பது நீதிபதிகள். பொதுவாக ஒன்பதின்மரும் ஒருங்கே அமர்ந்து கேட்பதால், அமர்வைத் தேர்ந்தெடுக்கும் அதிகாரம் அங்குத் தலைமை நீதிபதிக்கு இல்லை. பெரும்பான்மைப் பக்கம் அவர் இருந்தால், தீர்ப்பை யார் எழுதுவது என்று சொல்லலாம். பதவியோ வாழ்நாள் முழுவதற்கும்! ஜான் மார்ஷல் 1801 முதல் 1835 வரை 34 ஆண்டுகள் தலைமை நீதிபதியாக இருந்தார். நம் நாட்டில் 65 வயதில் ஓய்வு. 1991-ல் கமல் நாராயண் சிங் 17 நாட்களே தலைமை நீதிபதியாக இருந்தார்.

ஜெர்மனியில் வழக்கு யாரிடம் செல்லும் என்பது முன்கூட்டியே விதிகளால் வகுக்கப்படுகிறது. சட்டப்படி தனக்குரிய நீதிபதியிடமிருந்து எவரையும் விலக்கலாகாது என்பது அந்நாட்டு அரசியல் சட்டத்தின் 101-ஆம் பிரிவு. நம் சீட்டுக் குலுக்கலைப் போல, தனிமனிதர் விருப்பத்துக்கு இடம் தராத ஏற்பாடு இது.

இலங்கையில் சர்வானந்தா, ஸ்ரீபவன் ஆகிய தமிழர் இருவர் தலைமை நீதிபதிகளாக விளங்கினர். அதே இலங்கையில் 2013-ல் ஷிராணி பண்டாரநாயக்கா பதவியிலிருந்து அகற்றப்பட்டார். 2015-ல் அவர் மீண்டும் இருக்கையில் அமர்த்தப்பட்டு, மறுநாளே ஓய்வு பெற்றார். பங்கிடும் கையைத் தன் பக்கம் வைத்துக்கொள்ள ஆள்வோர் விரும்புவது எந்த நாட்டுக்கும் புதிதன்று.

நம் நாடும் விலக்கன்று. மூத்தவரே தலைமை நீதிபதி என்ற மரபு 1973-ல் மீறப்பட்டது. ஷெலட், ஹெக்டே, குரோவர் மூவரையும் தாண்டி ஏ. என். ரே நியமிக்கப்பட்டார், மூவரும் பதவி விலகினர். நெருக்கடி நிலைக் காலத்தில் தனித்து நின்று தீர்ப்பெழுதிய எச். ஆர். கன்னாவும் 1977-ல் தாண்டப்பட்டுப் பதவி துறந்தார்.

நம் மாவட்டங்களும் உயர் நீதிமன்றமும்

1862-ல் தொடங்கிய சென்னை உயர் நீதிமன்றத்தின் முதல் இந்தியத் தலைமை நீதிபதி பி. வி. ராஜமன்னார், 1948-ல் பதவியேற்றார். கம்பனில் தோய்ந்த நாகூர்த் தமிழர் மு. மு. இஸ்மாயில் 1979-ல் தலைமை நீதிபதியானார். 1981-ல் கேரளத்திற்கு மாற்றப்பட்டபோது, அங்குச் செல்லாமல் பதவியையே துறந்தார்.

2004 ஜூலை 24-ல் மதுரைக் கிளை திறக்கப்பட்டது. நம் தாய் மாவட்டமான திருச்சியின் வழக்குகள் மதுரைக்குச் செல்கின்றன. பெரம்பலூர், அரியலூர் வழக்குகளோ இன்றும் சென்னைக்கே செல்கின்றன. வரப்புத் தகராற்றில் மேல்முறையீடு செய்யும் செந்துறை விவசாயியும் வேப்பந்தட்டை விவசாயியும் சென்னைக்குப் பஸ் ஏற வேண்டும். அவர்களுக்குத் தலைமை நீதிபதியின் பெயர் தெரியாது. ஆனால் அவர்களுடைய வழக்கு எந்த நீதிபதியிடம் செல்லும் என்பது தலைமை நீதிபதி வகுக்கும் பட்டியலைப் பொறுத்தது. மாவட்ட நீதிமன்றங்களைக் கண்காணிக்க உயர் நீதிமன்ற நீதிபதி ஒருவரைப் பொறுப்பாளராக அமர்த்துபவரும் அவரே. டில்லியிலும் சென்னையிலும் உள்ள இருக்கை நம் ஊர் வரப்பு வரை வந்து தொடுகிறது!

எட்டாத இருக்கையா?

ஈரோடு மாவட்டம் பவானி அருகே காடப்பநல்லூரில் உழவர் குடும்பத்தில் 1949-ல் பிறந்தார் பி. சதாசிவம். அவர் குடும்பத்தின் முதல் பட்டதாரி அவரே. 2013 ஜூலை 19-ல் இந்தியாவின் தலைமை நீதிபதியானார். கருணை மனுக்களை ஆண்டுக்கணக்கில் முடிவு செய்யாமல் வைத்திருந்ததைக் காட்டி, 2014 ஜனவரியில் 15 பேரின் மரண தண்டனையை அவர் தலைமையிலான அமர்வு ஆயுள் தண்டனையாகக் குறைத்தது. பிப்ரவரியில் பேரறிவாளன், முருகன், சாந்தன் மூவரின் தூக்கும் அவ்வாறே நீங்கியது. ஓய்வு பெற்ற அதே ஆண்டில் அவர் கேரள ஆளுநரானபோது, தலைமை நீதிபதியாக இருந்தவர் அரசு தரும் பதவியை ஏற்கலாமா என்ற வினாவும் எழுந்தது. அவ்வினா நியாயமானதே என்பது என் கருத்து. பங்கிட்ட கை பின்னால் எதையும் பெறக்கூடாது என்று மக்கள் எதிர்பார்ப்பதில் தவறென்ன?

எங்கள் வீட்டிலும் கல்லூரி வாயிலை மிதித்த முதல் ஆள் நான்தான். என்னைப் போன்றோர் இக்கல்லூரியில் ஏராளம். நம்முள் ஒருவர் நாளை வழக்கறிஞராகலாம், நீதிபதியாகலாம், ஏன், அந்த முதல் இருக்கையிலும் அமரலாம். அமர்பவர் ஒன்றை மட்டும் மறவாதிருக்கட்டும். ஆராய்ச்சி மணியின் கயிறு எளியவர் கைக்கு எட்டினால் மட்டும் போதாது. அதன் ஓசை பாரபட்சமின்றிச் சேர வேண்டிய செவியைச் சேர வேண்டும். அதுவே தலைமை, அதுவே நீதி!