பெயிண்ட் முதலா, தரை முதலா? ஆத்தங்குடிக்கு வாங்க!

வீடு கட்டுகிறவர்கள் எல்லோருக்கும் இந்தச் சந்தேகம் ஒருநாள் வரும். பெயிண்டரைக் கேட்டால், “தரை வேலை முடியட்டும் சார்” என்பார். கல் பதிக்கிற மேஸ்திரியோ, “பெயிண்டை முடிச்சிட்டு என்னைக் கூப்பிடுங்க” என்பார். இரண்டு பேர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. யார் பக்கம் சாய்வது என்பதைத் தரையில் போடப்போகிற கல்லே சொல்லிவிடும். அதன் பளபளப்பு எங்கே பிறந்தது என்று பார்த்தால் போதும். வாங்க, பிறக்கிற இடத்துக்கே போவோம்!

காரைக்குடிக்குப் பக்கத்தில் ஆத்தங்குடி. ஒரு கொட்டகைக்குள் எட்டிப் பார்க்கிறோம். முதல் ஆச்சரியம், கீழே கிடப்பது ஒரு சதுரக் கண்ணாடி. அதன்மேல் ஓர் இரும்புச் சட்டம், சட்டத்துக்குள் பூ வடிவ அச்சு. சிமென்டில் ஆக்ஸைடு நிறத்தைக் கரைத்து, அச்சின் ஒவ்வொரு அறையிலும் கரண்டியால் ஊற்றுகிறார்கள். காவி இங்கே, பச்சை அங்கே, மஞ்சள் நடுவில். பிறகு அச்சை மேலே தூக்குகிறார்கள் பாருங்கள், அந்த நொடிக்காகவே இங்கே வரலாம்! நிறங்கள் ஒன்றோடொன்று கலக்காமல் பூவாக நிற்கின்றன. அதன்மேல் ஈரத்தை உறிஞ்சிக்கொள்ள மணலும் சிமென்டும் கலந்த உலர்ந்த தூள், அதற்கும் மேல் சாந்து, கடைசியில் கரண்டியால் ஒரு மட்டம். இப்போது நம் கண்ணுக்குத் தெரிவது கல்லின் முதுகுதான். முகம் கண்ணாடியோடு ஒட்டிக் கிடக்கிறது.

சூளை கிடையாது, நெருப்பு கிடையாது, மெஷினில் தேய்ப்பதும் கிடையாது. இறுகிய கல்லைத் தண்ணீர்த் தொட்டியில் ஊறப்போட்டு உலர்த்துகிறார்கள். கண்ணாடியைப் பிரித்ததும் முகம் மின்னுகிறது. அந்த வழுவழுப்பு முழுக்கக் கண்ணாடி கொடுத்தது!

பெயிண்ட் கேள்விக்கு விடை இங்கேதான் இருக்கிறது. இந்தக் கல்லின் மேல் கிளேஸ் எதுவும் இல்லை. அடிப்படையில் அது சிமென்ட். ஈரத்தையும் எண்ணெயையும் உறிஞ்சும். ஒரு சொட்டு எனாமல் விழுந்து கவனிக்காமல் விட்டால் உள்ளே இறங்கிவிடும். தின்னரால் தேய்த்தால் கறை இன்னும் பரவும். அதனால் ஆத்தங்குடி கல் போடுகிற வீட்டில் சீலிங், பட்டி, பிரைமர், சுவருக்கு முதல் கோட் எல்லாம் கல் வருவதற்கு முன்பே முடிந்துவிட வேண்டும். இதில் எனக்கு இரண்டாவது எண்ணமே இல்லை.

அதிலும் பட்டி! பட்டி பார்த்த சுவரை உப்புத்தாள் போட்டுத் தேய்க்கும்போது பார்த்திருக்கிறீர்களா? அறையே பனிமூட்டமாகிவிடும், ஆள் முகம் தெரியாது. அந்த வெள்ளைத் தூள் புதுத்தரையின் இடுக்கு ஒவ்வொன்றிலும் போய் உட்காரும். எந்தக் கல்லாக இருந்தாலும் சரி, உப்புத்தாள் வேலை முடிந்த பிறகுதான் தரை.

அப்படியென்றால் பெயிண்டை மொத்தமாக முடித்துவிடலாமா? கூடாது. தரைக்குப் பிறகு ஸ்கர்ட்டிங் வருகிறது. சுவரின் அடியில் நாலு அங்குலத்துக்குப் பூச்சைக் கொத்தி, சாந்து அப்பி, கல்லை ஒட்டுவார்கள். அதற்கு மேலே சுவர் முழுக்கக் கைரேகையும் சிமென்ட் தெறிப்பும்தான். கல்லுக்கு அடியில் போட்ட ஈரக்கலவையின் ஈரமும் சுவரின் அடிப்பகுதியில் ஏறும். அது காய்வதற்குள் கடைசிக் கோட் அடித்தால் பெயிண்ட் கொப்பளித்து உரியும். எனவே கடைசிக் கோட்டை மட்டும் கையில் வைத்துக்கொண்டு காத்திருக்க வேண்டும்.

மார்பிளும் மொசைக்கும் ஆத்தங்குடி கல்லுக்கு நேர் எதிர். அவற்றின் பளபளப்பு உங்கள் வீட்டுக்குள்ளேயே பிறக்கிறது. தண்ணீர் விட்டு மெஷினை ஓட்டுவார்கள். சொரசொரப்பான கல்லில் தொடங்கி மென்மையான கல் வரை மாற்றி மாற்றித் தேய்ப்பார்கள். சேறு போன்ற பால் சுவரெல்லாம் தெறிக்கும். பெயிண்ட் முடித்த சுவர் என்றால் அன்றைக்கே பாழ். அங்கே பாலிஷ் முடிந்த பிறகுதான் கடைசிக் கோட். விட்ரிஃபைட் டைல்ஸ் ரொம்பச் சமர்த்து. பளபளப்பைத் தொழிற்சாலையிலிருந்தே கொண்டுவந்துவிடும். நீர் உறிஞ்சுவது 0.5 சதவீதத்துக்கும் குறைவு. சொட்டு விழுந்தால் உடனே துடைத்துவிடலாம். இடுக்கில் இறங்காமல் பார்த்துக்கொண்டால் போதும்.

செட்டிநாட்டுப் பழைய வீடுகளில் இந்தச் சண்டைக்கே இடமில்லாத சுவர்களைப் பார்க்கலாம். சுண்ணாம்பு, கடுக்காய், முட்டை வெள்ளைக்கரு சேர்த்துப் பூசி, இழைத்து இழைத்து மெருகேற்றிய சுவர்கள் அவை. பெயிண்டே தேவையில்லை! கை வைத்தால் பளிங்கு போலக் குளிர்கிறது. கீழே ஆத்தங்குடி பூ, பக்கத்தில் அந்த வெள்ளைச் சுவர். யாராவது ஒருவர் புது வீட்டில் ஒரே ஓர் அறையையாவது இப்படிச் செய்து பார்க்க மாட்டாரா என்று மனசு துடிக்கிறது.

சரி, கடைசிக் கோட் நாளுக்கு வருவோம். மேஸ்திரி தரை முழுக்கக் கெட்டியான அட்டையைப் பரப்பச் சொல்வார். பழைய செய்தித்தாள் வேண்டாம், ஈரம் பட்டால் மை இறங்கும். ஸ்கர்ட்டிங்கின் மேல் விளிம்பில் மாஸ்கிங் டேப். பெயிண்டர் மேலிருந்து ரோலரை இழுத்துக்கொண்டு வருவார். விளிம்புக்கு வந்ததும் ரோலரை வைத்துவிட்டுச் சின்னப் பிரஷ்ஷை எடுத்து, மூச்சைப் பிடித்தபடி ஒரே இழுப்பு! பெயிண்ட் முழுசாகக் காய்வதற்கு முன்பே டேப்பை மெதுவாக உரிக்க வேண்டும். காய விட்டால் பெயிண்டும் சேர்ந்து பிய்ந்து வரும். சரியாக உரிந்தால் கோடு நூல் பிடித்த மாதிரி விழும். அதைப் பார்க்கிற சந்தோஷம் இருக்கிறதே!

அட்டையை எடுத்தாகிவிட்டது, பூக்கள் தெரிகின்றன. உடனே தேங்காய் எண்ணெய் தொட்டுத் துடைத்து மினுக்கக் கை பரபரக்கும். கொஞ்சம் பொறுங்கள். பெயிண்டர் கதவு, ஜன்னல், டச்சப் எல்லாம் முடித்து டப்பாவைக் கட்டிக்கொண்டு கிளம்பட்டும். எண்ணெய்த் துணி சுவரில் பட்டுவிட்டால் அந்த இடத்தில் பெயிண்ட் பிடிக்காது. அவர் வண்டியைக் கிளப்பின பிறகு எண்ணெய்க் கிண்ணத்தை எடுங்கள்!