பொது அறிவில் ‘பொது’ யார்?
(ஒரு முச்சந்தி விளையாட்டைப் பற்றிச் சில குறிப்புகள்)

1

எங்கள் கூட்டத்தில் எட்டுப் பேர். தபால்தலை சேர்க்கும் பழக்கம்தான் எங்களைச் சேர்த்து வைத்தது. ஊர் வேறு, சாதி வேறு, பிழைப்பு வேறு. இரண்டு பேர் பள்ளிக்கூட வாத்தியார்கள், ஒருவர் வங்கியில், ஒருவர் திருப்பூரில் பனியன் கம்பெனி கட்டிங் மாஸ்டர். மற்றவர்களும் இப்படித்தான். நான் தமிழ் எம்.ஏ. சனிக்கிழமை இரவு ஒன்பது மணிக்குக் கைபேசியில் கூடுவோம். ஒருவர் ஒரு கேள்வி கேட்பார். முதலில் சரியாகச் சொன்னவர் அடுத்த கேள்வியைக் கேட்பார். பரிசு கிடையாது, மதிப்பெண் எழுதி வைப்பதும் கிடையாது. கூகுளைப் பார்க்கக் கூடாது என்பது மட்டும் சட்டம். பார்த்தாலும் யாருக்கும் தெரியப் போவதில்லை. ஆனாலும் யாரும் பார்ப்பதில்லை என்றே நம்புகிறோம்.

இதைப் போய் இந்த மாதிரிப் பத்திரிகையில் எழுதுவானேன், இதில் என்னய்யா அரசியல் இருக்கிறது என்று நண்பர்கள் கேட்கக்கூடும். நானும் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். சில மாதங்களுக்கு முன் ஒரு சனிக்கிழமை நடந்த சின்ன விஷயம் அந்த நினைப்பைக் கலைத்துவிட்டது. அதைச் சொல்வதற்கு முன் இந்த விளையாட்டு எங்கிருந்து வந்தது, எப்படி வேலை செய்கிறது என்று கொஞ்சம் பார்த்துவிடலாம்.

2

கேள்வி கேட்டு விளையாடுவது நமக்குப் புதிதல்ல. தொல்காப்பியம் செய்யுளியலில் ‘பிசி’ என்று ஒரு வகை வருகிறது. இன்று நாம் விடுகதை என்பது அதைச் சார்ந்ததுதான். விடுகதைகளின் விடைகளை வரிசையாக எழுதிப் பாருங்கள்: தேங்காய், முட்டை, வெங்காயம், பாய், உரல், நிழல். எல்லாம் வீட்டிலும் வாசலிலும் கிடப்பவை. விடுகதையில் விடை எல்லோர் கண்ணுக்கும் முன்னால் இருக்கிறது. கேள்விதான் அதை ஒளித்து வைக்கிறது. எனவே தோற்றவனும் விடையைக் கேட்டதும் ‘அட, இதுதானா!’ என்று சிரிக்கிறான். தெரியாத ஒன்றை அவனுக்கு யாரும் சொல்லவில்லை. தெரிந்ததையே வேறு பக்கத்திலிருந்து காட்டினார்கள்.

வினாடி வினா இதற்கு நேர்எதிர். அதில் கேள்வி பட்டவர்த்தனமாக இருக்கிறது. மங்கோலியாவின் தலைநகரம் எது? ஒளிவு மறைவு ஒன்றுமில்லை. விடைதான் எங்கோ தொலைவில், ஒரு புத்தகத்தில் இருக்கிறது. அந்தப் புத்தகம் உன் கைக்கு வந்திருந்தால் உனக்குத் தெரியும், வராவிட்டால் தெரியாது, யோசித்துப் பயனில்லை. தமிழில் இதற்கு வைத்த பெயரிலேயே வினாடி இருக்கிறது என்பதையும் கவனிக்க வேண்டும். விடுகதை போடும் பாட்டி ‘யோசிச்சு நாளைக்குச் சொல்லு’ என்பாள். வினாடி வினாவுக்கு நாளை என்பதே இல்லை.

ஆங்கிலத்தில் இந்த உதிரித் தகவல்களை ‘டிரிவியா’ என்கிறார்கள். மூலம் லத்தீன்: மூன்று பாதைகள் கூடும் இடம். அதாவது நம்முடைய முச்சந்தி. முச்சந்தியில் கிடைப்பது, யாரும் பேசிவிட்டுப் போவது, ஆகவே மலிவானது என்று பொருள் வளர்ந்தது. தமிழிலும் அந்தச் சொல்லுக்கு இதே வாசனைதான். அன்றைய மலிவுப் பதிப்புப் பாட்டுப் புத்தகங்களைப் பற்றிய தம் நூலுக்கு (2004) ஆ.இரா. வேங்கடாசலபதி ‘முச்சந்தி இலக்கியம்’ என்று பெயர் வைத்தது இங்கே நினைவுக்கு வருகிறது. மேன்மக்கள் ஒதுக்கியது முச்சந்திக்கு வந்து சேர்கிறது. அங்கே அதற்கு வேறொரு வாழ்வு கிடைக்கிறது.

3

அமெரிக்காவில் 1950களில் தொலைக்காட்சி வினாடி வினா பெரும் வியாபாரமானது. ‘ட்வென்டி ஒன்’ என்ற நிகழ்ச்சியில் ஹெர்பர்ட் ஸ்டெம்பெல் என்பவர் வாரா வாரம் வென்றுகொண்டிருந்தார். நியூயார்க்கின் குவீன்ஸ் பகுதியில் வாழ்ந்த யூதர், ராணுவத்திலிருந்து திரும்பிப் படித்துக்கொண்டிருந்தவர். தயாரிப்பாளர்கள் அவரைப் பொருந்தாத பழைய கோட்டுப் போட்டு ஏழையாகக் காட்டினார்கள். விடைகளை முன்கூட்டியே கொடுத்தார்கள். பிறகு அவர் முகம் போதும் என்று முடிவானது. 1956 டிசம்பரில், 1955-இன் சிறந்த படத்துக்கான ஆஸ்கர் எதற்கு என்ற கேள்விக்குத் தவறாகச் சொல்லித் தோற்கும்படி பணித்தார்கள். விடை ‘மார்ட்டி’. ஸ்டெம்பெலுக்கு மிகவும் பிடித்த படம் அது. தெரிந்ததைத் தெரியாது என்று கோடிக்கணக்கானோர் முன் அவர் நடிக்க வேண்டியிருந்தது. அவரை வென்றவர் சார்ல்ஸ் வான் டோரன்: கொலம்பியா பல்கலைக்கழக ஆசிரியர், பெயர்பெற்ற இலக்கியக் குடும்பத்துப் பிள்ளை, பார்க்க லட்சணமானவர். அவருக்கும் விடைகள் முன்பே தரப்பட்டிருந்தன. 1959 நவம்பரில் நாடாளுமன்றக் குழுவின் முன் அவர் அதை ஒப்புக்கொண்டார். வேலையும் போயிற்று.

இதை ஒரு மோசடி என்று மட்டும் பார்த்தால் பாதிதான் புரியும். அறிவாளி என்றால் எப்படி இருக்க வேண்டும் என்ற பிம்பம் முதலில் தயாராக இருந்தது. அதற்கேற்ற ஆளையும் விடையையும் பிறகு தேடினார்கள். விகாஸ் ஸ்வரூப்பின் ஆங்கில நாவலில் (2005, 2008-இல் ‘ஸ்லம்டாக் மில்லியனர்’ படமானது) இதன் மறுபக்கம் இருக்கிறது. அங்கே ஓர் ஏழை இளைஞன் எல்லா விடைகளையும் சொல்லிவிடுகிறான். போலீஸ் அவனைப் பிடித்துச் சித்திரவதை செய்கிறது. இவனுக்கு எப்படித் தெரியும் என்பதுதான் வழக்கு. ஸ்டெம்பெல் விஷயம் நிஜம், இது கற்பனை. ஆனால் இரண்டிலும் கேட்கப்படும் கேள்வி ஒன்றுதான்: தெரிந்திருக்கும் உரிமை யாருக்கு?

வான் டோரன் வெளியேறி ஆறாண்டு கழித்து, 1965-இல், அதே கொலம்பியாவில் எட் குட்கோல்ட், டான் கார்லின்ஸ்கி என்ற இரு மாணவர்கள் ஒரு விளையாட்டைப் பற்றி எழுதிப் பரப்பினார்கள். சிறுவயதில் பார்த்த படம், கேட்ட ரேடியோ, படித்த படக்கதை இவற்றிலிருந்து ஒன்றுக்கும் உதவாத கேள்விகளை ஒருவருக்கொருவர் கேட்டுக்கொள்வது. ‘டிரிவியா’ என்ற சொல் விளையாட்டுக்குப் பெயராக ஊன்றியது இங்கேதான். பணம் இல்லை, மேடை இல்லை. பல்கலைக்கழகம் அறிவென்று ஏற்காததை அதன் வளாகத்துக்குள்ளேயே கொண்டாடினார்கள்.

அடுத்த கட்டம் சந்தை. 1979-இல் கனடாவின் மான்ட்ரியலில் கிறிஸ் ஹேனி, ஸ்காட் அபட் என்ற இரு பத்திரிகைக்காரர்கள் ‘டிரிவியல் பர்சூட்’ என்ற பலகை விளையாட்டை உருவாக்கினார்கள். உலகத்து அறிவு முழுவதும் ஆறு நிறங்களில் அடங்கியது: புவியியல், கேளிக்கை, வரலாறு, கலை இலக்கியம், அறிவியல், விளையாட்டு. 6000 கேள்விகள். 1984-இல் மட்டும் வட அமெரிக்காவில் சுமார் இரண்டு கோடிப் பெட்டிகள் விற்றன.

அதே 1984-இல் ஃப்ரெட் வொர்த் என்பவர் 30 கோடி டாலர் கேட்டு வழக்குப் போட்டார். தம் தகவல் களஞ்சியத்தில் வேண்டுமென்றே ஒரு பொய்யை அவர் புதைத்து வைத்திருந்தார்: தொலைக்காட்சித் துப்பறிவாளர் கொலம்போவின் முதற்பெயர் ‘ஃபிலிப்’ என்று. நம் ஊரில் வேலிக்குள் கண்ணி வைப்பதைப் போல. டிரிவியல் பர்சூட் அட்டையில் அந்த ‘ஃபிலிப்’ அப்படியே மாட்டியிருந்தார். அவர் புத்தகத்தைப் பயன்படுத்தியதை விளையாட்டுக்காரர்களும் மறுக்கவில்லை. ஆனாலும் வொர்த் தோற்றார். 1987-இல் மேல்முறையீட்டு நீதிமன்றமும் அதையே உறுதி செய்தது: தகவல்கள் யாருக்கும் சொந்தமல்ல.

சரி, தகவல் யாருக்கும் சொந்தமல்ல. அப்படியானால் கேள்வி யாருக்குச் சொந்தம்? எந்தத் தகவல் கேள்வியாக உயர வேண்டும், எது உயரக் கூடாது என்று முடிவெடுக்கும் உரிமை யாருக்கு? எந்த நீதிமன்றமும் இதைத் தொடவில்லை. அறிவும் அதிகாரமும் ஒன்றையொன்று உற்பத்தி செய்துகொள்கின்றன என்று ஃபூக்கோ வழியாக நாம் நிறையப் பேசிவிட்டோம். அது நடக்கும் மிகச் சாதாரணமான இடங்களில் ஒன்று இந்தக் கேள்வி அட்டை.

4

இந்தியாவில் இது ஆங்கிலத்தின் வழியே வந்தது. 1967-இல் கல்கத்தாவில் நீல் ஓ’பிரையன் நடத்தியதே முதல் பொது வினாடி வினா என்பார்கள். பிறகு ரேடியோவில் போர்ன்விட்டா, 1980களில் தூர்தர்ஷனில் சித்தார்த்த பாசு, சென்னையில் சுதந்திர தின வினாடி வினா என்று கான்வென்ட், கல்லூரி வட்டங்களில் வளர்ந்தது. 2000-இல் அமிதாப் பச்சன் நான்கு விடைகளோடு வந்தார். 2012-இல் விஜய் தொலைக்காட்சியில் சூர்யா வந்தார்.

இந்திய ஆர்வலர்கள் ஒரு நல்ல காரியம் செய்தார்கள் என்பதையும் சொல்ல வேண்டும். நேரடியாகத் தகவல் கேட்பதைக் குறைத்து, கேள்விக்குள்ளேயே துப்பு வைத்து, அணியினர் கூடிப் பேசிக் கண்டுபிடிக்கும்படி கேட்கும் பாணியை வளர்த்தார்கள். அதாவது வினாடி வினாவைக் கொஞ்சம் விடுகதைப் பக்கம் இழுத்து வந்தார்கள்.

ஆனால் தமிழ்நாட்டில் பெரும்பான்மையோருக்குப் பொது அறிவு என்றால் விளையாட்டல்ல, சோறு. தேர்வாணையத்தின் குரூப் 4 தேர்வில் 200 கேள்விகள். பாதி தமிழ், 75 பொது அறிவு, மிச்சம் கணக்கும் திறனறிவும். வீட்டில் முதன்முதலாகப் பட்டம் வாங்கிய பையனும் பெண்ணும் இரவு முழுக்க மனப்பாடம் செய்வது அந்த 75-ஐத்தான். நானும் மூன்று முறை எழுதியவன். அங்கே கேட்கிறவர் யாரென்று கடைசிவரை தெரியாது. திருப்பிக் கேட்கவும் வழியில்லை. ‘பொது’ என்ற சொல் அங்கே எல்லோருக்கும் உரியது என்ற பொருளில் இல்லை. எல்லோரும் அடங்க வேண்டியது என்ற பொருளில் இருக்கிறது.

5

இப்போது அந்தச் சனிக்கிழமைக்கு வருகிறேன்.

எந்த நாட்டுத் தபால்தலையில் நாட்டின் பெயர் இருக்காது என்று வங்கி நண்பர் கேட்டார். எங்களுக்கு அது அரிச்சுவடி. பிரிட்டன். 1840 மே மாதம் உலகின் முதல் தபால்தலையை வெளியிட்ட நாடு. அன்று வேறு யாரும் வெளியிடாததால் பெயர் போடத் தேவைப்படவில்லை. இன்றுவரை ராஜா, ராணி தலை மட்டும்தான். நான் முந்திக்கொண்டு சொல்லிவிட்டேன். அடுத்த கேள்வி என்னுடையது.

அப்போதுதான் கட்டிங் மாஸ்டர் சொன்னார்: “ஒரு வருஷமா ஆடுறேன். நான் இன்னும் ஒரு கேள்விகூடக் கேட்டதில்லீங்க.”

கணக்குப் போட்டுப் பார்த்தோம். உண்மைதான். விடை சொன்னவரே அடுத்துக் கேட்பார் என்ற சட்டம் பார்வைக்கு நியாயமாக இருந்தது. நடைமுறையில் என்ன ஆயிற்று? விடை சொல்கிறவர் தான் படித்ததிலிருந்து கேட்கிறார். அதே புத்தகங்களைப் படித்தவர் விடை சொல்கிறார். அவர் மறுபடி அதிலிருந்தே கேட்கிறார். வட்டம் மூடிக்கொண்டது. யாரும் யாரையும் வெளியே தள்ளவில்லை, எல்லோரும் நண்பர்கள், எல்லோரும் சட்டப்படிதான் ஆடினோம். வெளியே இதற்குத் ‘தகுதி’ என்று பெயர்.

“சரி, நீங்க கேளுங்க” என்றோம். அவர் கேட்டார்: “பனியன் துணி ரோல் வந்தவுடனே வெட்ட மாட்டோம். பிரிச்சு விரிச்சு ஒரு நாள் சும்மா போட்டு வைப்போம். ஏன்?”

யாருக்கும் தெரியவில்லை. ஈரம் காயவா என்றார் ஒருவர். சாயம் ஒட்டவா என்றார் இன்னொருவர். நான் சொன்னேன்: “மாஸ்டர், இது பொது அறிவு இல்லீங்களே. தொழில் அறிவு.”

அவர் கோபப்படவில்லை. “இப்ப எத்தனை பேர் பனியன் போட்டிருக்கீங்க?” என்றார். எட்டுப் பேரும். “மங்கோலியாவுக்கு எத்தனை பேர் போயிருக்கீங்க?”

பின்னல் துணி உற்பத்தியின்போதும் ரோலாகச் சுற்றும்போதும் இழுபட்டு நிற்கும். விரித்துப் போட்டால் மெல்லத் தன் இயல்பான அளவுக்குச் சுருங்கி வரும். அதற்கு முன்னால் வெட்டித் தைத்தால் பிறகு சட்டை சிறுத்துப்போகும். விடையை அவர் சொன்னதும் ‘அட, இதுதானா!’ என்றிருந்தது. விடுகதையில் வரும் அதே ‘அட’. விடை எங்கள் உடம்பிலேயே ஒட்டிக்கொண்டிருந்தது.

தொழில் அறிவு என்று நான் சொன்னது எங்கிருந்து வந்தது என்று பிறகு யோசித்தேன். வங்கிக்காரர் நிதி பற்றிக் கேட்டபோதோ, நான் இலக்கணம் பற்றிக் கேட்டபோதோ அதைத் தொழில் அறிவென்று யாரும் சொன்னதில்லை. எங்கள் அறிவு பெயர் போடாத தபால்தலை. அதற்கு ஊர் இல்லை, தொழில் இல்லை, சாதி இல்லை. அது வெறும் ‘பொது’. மாஸ்டரின் அறிவுக்கு மட்டும் எங்கிருந்து வருகிறது என்று முத்திரை குத்த வேண்டியிருந்தது. முதலில் வந்து இடம் பிடித்தவன் பெயர் எழுத வேண்டியதில்லை. பின்னால் வருகிறவன் எழுதித்தான் ஆக வேண்டும். தபால்தலையில் இதைத் தெரிந்து வைத்திருந்த எனக்கு மனிதர்கள் விஷயத்தில் தெரியவில்லை.

6

இப்போது சட்டத்தை மாற்றியிருக்கிறோம். விடை சொன்னாலும் சொல்லாவிட்டாலும் கேள்வி முறைவைத்துச் சுற்றும். அவரவர் பிழைப்பிலிருந்தும் ஊரிலிருந்தும் தாராளமாகக் கேட்கலாம். ஆனால் மற்றவர்கள் யோசித்துப் பிடிக்கக் கூடிய ஒரு நூலாவது கேள்விக்குள் இருக்க வேண்டும். மங்கோலியாவை விலக்கி வைக்கவில்லை. உலான் பாட்டரும் இருக்கட்டும், பனியனும் இருக்கட்டும். அனுபவ அறிவே உயர்ந்தது, புத்தகம் வீண் என்ற எதிர்முனைக்குப் போவது என் நோக்கமல்ல. அது இன்னொரு வகைச் சோம்பேறித்தனம்.

விடைகள் எல்லாம் சட்டைப் பையில் இருக்கும் காலம் இது. விடை தெரிந்திருப்பதன் மதிப்பு இறங்கிவிட்டது. கேள்வி கேட்பதன் மதிப்பு இறங்கவில்லை. பொது அறிவு என்பது குவித்து வைத்த சரக்கல்ல. கேட்கும் முறை யார் யார் கைக்குப் போகிறதோ அந்த அளவுக்குத்தான் அது பொது. பரீட்சையிலும் தொலைக்காட்சியிலும் அந்த முறை நம் கைக்கு வராது. எட்டுப் பேர் ஆடும் விளையாட்டில் வர முடியும். அதனால்தான் இந்த அற்ப விளையாட்டைப் பற்றி இவ்வளவு எழுத வேண்டியிருந்தது.

சங்கங்களிலும் வாசகர் வட்டங்களிலும் இருக்கிற நண்பர்கள் ஒருமுறை இதை ஆடிப் பார்க்கலாம். ஆடும்போது யார் விடை சொன்னார்கள் என்பதைவிட, யார் இன்னும் ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை என்று எண்ணிப் பாருங்கள். எங்களுக்கு அது தெரிய ஒரு வருஷம் ஆயிற்று.