எந்தப் பர்னாந்து?

கொழும்பிலிருந்து பூர்வீகம் தேடித் தூத்துக்குடிக்கு வருகிறவர் ‘பர்னாந்து’ என்று மட்டும் சொன்னால் யாருக்கும் ஒன்றும் விளங்காது. வேம்பாரிலிருந்து மணப்பாடு வரை ஊருக்கு ஊர் அந்தப் பெயர்தான். 1530-களில் முத்துக்குளித்துறைப் பரதவர்கள் கத்தோலிக்கரானபோது போர்த்துகீசியப் பெயர்களும் சேர்ந்துகொண்டன: மோத்தா, ரோச், மச்சாது, மிராண்டா.

அதனால் முதலில் தெரியவேண்டியது ஊரும் பங்கும். பங்குக் கோயிலின் ஞானஸ்நானப் பதிவேட்டில் பிள்ளையின் பெயரோடு பெற்றோர், ஞானப்பெற்றோர் பெயர்களும் இருக்கும். பலர் அந்தக் கடைசி வரியைத் தாண்டிப் போய்விடுகிறார்கள். ஞானத்தகப்பன் பெரும்பாலும் சொந்தக்காரர்தான். குடும்பக் கிளையைப் பிடிக்க அவர் பெயர் உதவும்.

ஏட்டில் இல்லாதது தெருவில் கிடைக்கும். வீட்டுப் பட்டப்பெயரைச் சொன்னால், முன்பின் தெரியாத பெரியவர்கூட “அவுக வகையறாவா!” என்று கல்லறைத் தோட்டம்வரை கூட்டிப்போவார்.

அக்கரையிலும் தேடலாம். இலங்கையில் டச்சுக்காரர்கள் நிலத்தையும் குடும்பங்களையும் குறித்துவைத்த ‘தோம்பு’ ஏடுகள் கொழும்பு தேசிய ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன.

ஆகஸ்ட் 5, தூத்துக்குடியில் பனிமய மாதா திருவிழா. வெளியூரில் இருப்பவர்களும் வந்துசேருவதால் விசாரிக்க நல்ல சமயம். பதிவேட்டைப் புரட்ட மட்டும் வேறு நாள்தான் சரி. அன்று பங்கு அலுவலகத்தில் மூச்சுவிட நேரமிருக்காது.