படகுக்கேற்ற விசிறி

(வானொலிப் பண்ணை ஒலிபரப்பில் பேசிய உரை)



நெல்லும் மல்லாட்டையும் பயிரிடுகிற நமக்குப் படகுப் பேச்சு எதற்கு என்று நினைக்கலாம். குறிஞ்சிப்பாடிக்குக் கிழக்கே போனால் கடல்தான். 2004 சுனாமிக்குப் பிறகு அந்தக் கரையில் மோட்டார் வைத்த ஃபைபர் படகுகள் பெருகிவிட்டன. "மோட்டார் புதுசுதான் சார், ஆனா இழுக்கமாட்டேங்குது, எண்ணெய் மட்டும் குடிக்குது" என்பது அங்கே கேட்கிற குறை. பல சமயம் கோளாறு மோட்டாரில் இல்லை. அடியில் சுற்றுகிற விசிறியில், அதாவது புரொப்பெல்லரில் இருக்கிறது.

மாட்டுக்கேற்ற கலப்பை பூட்டுகிறோம் அல்லவா? அதே கணக்குத்தான் இதுவும்.

விசிறியின் மேல் இரண்டு எண்கள் இருக்கும். முதலாவது விட்டம், இரண்டாவது பிட்ச். மரத்தில் திருகாணி ஒரு சுற்றுக்கு எவ்வளவு இறங்குகிறதோ, அதுபோல விசிறி ஒரு சுற்றுக்கு முன்னேற வேண்டிய தூரமே பிட்ச். தண்ணீர் நழுவும்; ஆகையால் கொஞ்சம் குறையும்.

பிட்ச் அதிகமானால் மோட்டார் திணறும். புகை கக்கும், எண்ணெய் வீணாகும். குறைந்தாலோ மோட்டார் அளவுக்கு மீறிச் சுற்றித் தேய்ந்துபோகும்.

சரிபார்ப்பது எப்படி? வலை, ஐஸ் பெட்டி, ஆட்கள், மீன் எடை எல்லாம் ஏற்றி, அமைதியான தண்ணீரில் முழு வேகம் கொடுங்கள். சுற்றுகளை மெக்கானிக்கிடம் மீட்டர் வைத்து அளக்கச் சொல்லுங்கள். மோட்டார் புத்தகத்தில் நிமிடத்துக்கு 5,000 முதல் 6,000 சுற்று என்று போட்டிருந்து, உங்களுக்கு 4,700தான் வருகிறதென்றால், பிட்ச் 2 அங்குலம் குறைவான விசிறி போடுங்கள். ஒரு அங்குலம் குறைத்தால் ஏறக்குறைய 150 முதல் 200 சுற்று கூடும். பிறகு வெறும் படகிலும் ஓட்டிப் பாருங்கள். 6,000-ஐத் தாண்டக் கூடாது. பக்கத்துப் படகுக்காரர் போட்டிருக்கிறாரே என்று அதையே வாங்கிவிடாதீர்கள். அவர் சுமை வேறு, உங்கள் சுமை வேறு.

அடுத்து, மோட்டாரின் உயரம். விசிறிக்கு மேலுள்ள தட்டைத் தகடு படகின் அடிமட்டத்துக்குச் சமமாகவோ, ஒரு அங்குலம் கீழாகவோ இருக்கட்டும். மேலே தூக்கியிருந்தால் விசிறி காற்றை இழுத்து வெறுமனே சுற்றும். ரொம்ப இறங்கினால் தண்ணீர் பிடித்து இழுக்கும்.

மணலில் தட்டி இலையின் ஓரம் சிறிது பிசிறியிருந்தால் அரத்தால் ராவிவிடலாம். வளைந்திருந்தால் பட்டறைக்குத்தான் போகவேண்டும். வளைந்த விசிறியின் அதிர்வு பேரிங்கைக் கெடுக்கும். நரம்பு நூல் தண்டில் சுற்றியிருந்தால் உடனே எடுங்கள். அது எண்ணெய் சீலை அறுத்துவிடும். கியர் எண்ணெய் பால்போல வெளுத்திருந்தால் உள்ளே தண்ணீர் புகுந்துவிட்டது என்று அர்த்தம். விசிறியில் கை வைக்குமுன் மோட்டாரை நிறுத்தி, பிளக் வயரைக் கழற்றிவிடுங்கள்.

கடலூரிலும் பரங்கிப்பேட்டையிலும் முகத்துவாரம் தாண்டும்போது பின்னாலிருந்து அலை எழும். படகில் மீன் நிறைந்திருக்கிற நேரமும் அதுதான். அந்த நேரத்தில் இழுவை இல்லாவிட்டால் படகு குறுக்கே திரும்பிக் கவிழும். எண்ணெய்ச் செலவு பிறகு, உயிர் முதலில். மாற்று விசிறி ஒன்றும், அதைப் பூட்டும் பின்னும் எப்போதும் படகில் இருக்கட்டும்.