குறையை நிரப்பும் தைராக்சின்

நம் கழுத்தின் முன்புறம், குரல்வளைக்குச் சற்றுக் கீழே, வண்ணத்துப்பூச்சி வடிவில் ஒரு சுரப்பி உள்ளது. அதுதான் தைராய்டு. நாளமில்லாச் சுரப்பியாகிய இது, தைராக்சின் என்னும் ஹார்மோனை நேரே இரத்தத்தில் கலக்கிறது. நம் உடலின் செல்கள் எவ்வளவு வேகமாக இயங்க வேண்டும் என்பதை இந்த ஹார்மோனே நிர்ணயிக்கிறது.

தைராக்சின் குறைந்தால் என்ன ஆகும்? இதயத் துடிப்பு மந்தமாகும். முகம் உப்பும். குளிர் தாங்காது. சோர்வும் மறதியும் வாட்டும்.

1891-இல் இங்கிலாந்தின் நியூகாசில் நகரில் ஜார்ஜ் மர்ரே என்ற மருத்துவர், இந்நோய் கண்ட ஒரு பெண்ணுக்குச் செம்மறியாட்டின் தைராய்டுச் சாற்றை ஊசி மூலம் செலுத்தினார். அப்பெண் தேறி, மேலும் 28 ஆண்டுகள் வாழ்ந்தார். அத்தனை ஆண்டுகளுக்கும் தேவைப்பட்டவை 870-க்கும் மேற்பட்ட ஆடுகளின் சுரப்பிகள்!

1914-இல் அமெரிக்காவில் எட்வர்டு கெண்டல் தைராக்சினைத் தனியே பிரித்தெடுத்தார். 1927-இல் பிரிட்டனில் ஹாரிங்டன், பார்ஜர் ஆகிய இருவரும் அதை ஆய்வுக்கூடத்திலேயே தயாரித்துக் காட்டினர். அதன் பின் ஆடுகளை நம்பியிருக்க வேண்டிய அவசியம் படிப்படியாகக் குறைந்தது. இன்று லீவோதைராக்சின் என்ற பெயரில் அது மாத்திரையாகக் கிடைக்கிறது. செயற்கை என்றாலும், உடல் சுரக்கும் தைராக்சினுக்கும் இதற்கும் அமைப்பில் வேறுபாடு இல்லை. இரண்டிலும் நான்கு அயோடின் அணுக்கள் உண்டு. கல்லீரல் முதலிய உறுப்புகள் அவற்றில் ஒன்றை நீக்கி, அதை மேலும் வீரியமாக்கிக் கொள்கின்றன.

சரியான அளவை மருத்துவர் எப்படி அறிகிறார்? பந்தியில் இலை காலியானால், "சோறு கொண்டு வா!" என்று ஒருவர் குரல் கொடுப்பார் அல்லவா? மூளையின் அடியில் உள்ள பிட்யூட்டரி சுரப்பி அந்த வேலையைச் செய்கிறது. தைராக்சின் குறைந்தால் அது டி.எஸ்.எச். என்ற ஹார்மோனை அதிகமாகச் சுரந்து தைராய்டை ஏவும். மாத்திரை குறையை நிரப்பியதும் அந்தக் குரல் தணியும். இரத்தத்தில் டி.எஸ்.எச். அளவைச் சோதித்து, மருத்துவர் மாத்திரையைக் கூட்டுவார் அல்லது குறைப்பார்.

சில குழந்தைகளுக்குப் பிறவியிலேயே தைராய்டு சரியாக இயங்காது. பார்வைக்குப் பெரும்பாலும் ஒன்றும் தெரியாது. ஆனால் மூளை வளரத் தைராக்சின் இன்றியமையாதது. பிறந்த சில நாட்களில் குதிகாலில் ஒரு துளி இரத்தம் எடுத்துச் சோதித்து, இரண்டு வாரங்களுக்குள் மருந்து தொடங்கினால் மூளை நன்கு வளரும். காலம் தாழ்த்தினால், இழந்த அறிவுத்திறனை மீட்பது அரிது.

இந்த மாத்திரை பழுதான சுரப்பியைச் சீர்செய்வதில்லை. அது செய்ய வேண்டிய வேலையைத்தான் தான் செய்கிறது. ஆகவே பலர் இதை வாழ்நாள் முழுவதும் உட்கொள்ள வேண்டும். உடல் தேறிவிட்டதே என்று தாமாக நிறுத்தினால், பழைய நோய் மீண்டும் தலைகாட்டும்.