புகார் சொல்ல யாருக்கு இடம்?

தரங்கம்பாடிக் கடற்கரையில் நிற்கும் டேன்ஸ்போர்க் கோட்டைக்கு இரண்டு தளங்கள். மேல்தளத்தில் ஆளுநர், பாதிரியார், மூத்த வணிகர்கள் குடியிருந்தார்கள். கீழே சரக்குக் கிடங்கு, சிப்பாய்களின் அறைகள், அவற்றோடு சிறை. தஞ்சை ரகுநாத நாயக்கரோடு 1620இல் உடன்படிக்கை செய்துகொண்டு டேனிஷ்காரர்கள் கட்டிய கோட்டை இது. வியாபாரம் செய்தவனே படையும் வைத்திருந்தான், வழக்கும் கேட்டான், தண்டனையும் கொடுத்தான்.

இங்கே சிறையிருந்தவர்களில் ஊரறிந்த பெயர் சீகன்பால்கு. புதிய ஏற்பாட்டைத் தமிழில் அச்சேற்றியவர். 1706 ஜூலையில் வந்து இறங்கியவரை, 1708 இறுதியில் கோட்டைத் தளபதி ஹாசியஸ் பிடித்து நான்கு மாதம் அடைத்துவைத்தார். இருவருக்கும் பகை முன்பே இருந்தது. ஆனால் கைது வரைக்கும் கொண்டுபோனது ஒரு கடன் வழக்கு. நாவிதர் ஒருவர் இறந்துபோக, அவர் காலத்துக் கடன் விவகாரம் அவருடைய மனைவியின் தலையில் விழுந்தது. எதிர்த் தரப்பில் இருந்தவர் கம்பெனியின் மொழிபெயர்ப்பாளர். சீகன்பால்கு அந்தப் பெண்ணுக்காகத் திரும்பத் திரும்பப் பேசினார். தேவாலயத்தில் தளபதியின் முன் மண்டியிட்டு முறையிடு என்று யோசனையும் சொன்னார். தளபதி ஆளனுப்பியபோது, எழுத்தில் அழைப்பாணை வேண்டும் என்றார். அதற்குத்தான் கைது.

பாதிரியாரின் சிறைவாசத்தைப் பற்றி நிறைய எழுதியாயிற்று. என் மனதில் நிற்பது அந்தப் பெண். கம்பெனி ஆளுக்கு எதிராக வழக்குப் பேச அவருக்கு ஒரு வாசல் இல்லை. தேவாலயத்தில் மண்டியிடுவதுதான் மிச்சமிருந்த வழி.

போலீசும் நீதிமன்றமும் சிறையும் ஊரைக் கட்டுக்குள் வைத்திருக்கின்றன என்று பாடப்புத்தகம் சொல்கிறது. உண்மைதான். ஆனால் லத்தியைப் பார்த்து அடங்குகிறவர்கள் கொஞ்சம் பேர். தனக்கு ஒரு கேடு வந்தால் அங்கே போய்ச் சொல்லலாம், கேட்பார்கள் என்ற நம்பிக்கையில் கட்டுப்படுகிறவர்களே அதிகம். இந்தக் கடலோரத்தின் கதை முழுக்க அந்த நம்பிக்கை யாருக்குக் கிடைத்தது, யாருக்குக் கிடைக்கவில்லை என்பதுதான்.

1845இல் டேனிஷ்காரர்கள் தரங்கம்பாடியை ஆங்கிலேயருக்கு விற்றுவிட்டார்கள். பத்தே ஆண்டில், 1855இல், சென்னை மாகாணச் சித்திரவதை விசாரணைக் குழுவின் அறிக்கை வெளிவந்தது. வரி பாக்கிக்காகவும் குற்றத்தை ஒப்புக்கொள்ள வைக்கவும் மக்களுக்குக் ‘கிட்டி’ போட்டார்கள் என்று அது பதிவு செய்தது. இரண்டு கட்டைகளை ஒரு முனையில் பிணைத்து, இடையில் விரல்களை வைத்து நெரிக்கும் கருவி அது. வலியைவிடக் கொடுமை ஒன்று அந்த அறிக்கையில் இருக்கிறது. அப்போது வரி வசூலும் போலீஸ் வேலையும் ஒரே தாசில்தார் கையில். கிட்டி போட்டவனைப் பற்றி அவனுடைய அதிகாரியிடமே போய் முறையிட வேண்டும். நியாயம் கேட்கப் போவதே பெரும்பாடு என்று குழு எழுதியது. 1859இல் தனிப் போலீஸ் சட்டம் வந்ததற்கு இதுவும் ஒரு காரணம்.

தனிப் போலீஸ் வந்தும் கீழத்தஞ்சையில் மிராசுதாரின் சொல்லுக்கு இருந்த மதிப்பு கூலித் தொழிலாளியின் சொல்லுக்கு இல்லை. 1968 டிசம்பர் 25 இரவு, கீழ்வெண்மணியில் ஒரே குடிசைக்குள் 44 பேர் எரிந்து செத்தார்கள். கூலி உயர்வு கேட்டும் செங்கொடி ஏற்றியும் நின்ற தலித் குடும்பங்கள். பெண்களும் குழந்தைகளுமே அதிகம். கீழ் நீதிமன்றம் மிராசுதார்களைத் தண்டித்தது. 1973இல் உயர் நீதிமன்றம் விடுவித்தது. கார் வைத்திருக்கும் பணக்காரர்கள் தாங்களே நடந்துபோய்த் தீ வைத்திருப்பார்கள் என்று நம்ப முடியவில்லை என்றது தீர்ப்பு. ஐம்பது ஆண்டுகள் கடந்தும் டெல்டாவில் அந்த வரியைச் சொல்லும்போது குரல் மாறுகிறது.

மறுபடி தரங்கம்பாடிக் கடற்கரைக்கு வருவோம். மீனவர் குப்பங்களில் போலீஸ் ஸ்டேஷனுக்கு முன்னால் ஊர்ப் பஞ்சாயத்து. வலை அறுந்த தகராறு, படகுகள் மோதிய சேதம், குடும்பச் சண்டை எல்லாம் முதலில் பஞ்சாயத்தாரிடம் போகும். அபராதம் விதிப்பார்கள்; ஊர்க் கட்டுப்பாட்டை மீறினால் கடலுக்குப் போகத் தடை போடுவார்கள். தொழிலை நிறுத்தினால் அடுப்பு எரியாது. அதனால் கோர்ட் உத்தரவைவிட இதற்கு வேகம் அதிகம். சுற்றுப்பட்ட குப்பங்களுக்குத் தரங்கம்பாடி தலைமைக் கிராமம். தங்கள் ஊரில் தீராத வழக்கை அவர்கள் இங்கே கொண்டுவருவார்கள்.

எனக்கு இந்த ஏற்பாட்டின் மேல் மரியாதை உண்டு. ஏப்ரல் 15 முதல் 61 நாள் மீன்பிடித் தடையை மீன்வளத் துறை மட்டும் நின்று காத்துவிட முடியாது. ஊரும் சேர்ந்து நிற்பதால் நடக்கிறது. ஆனால் ஊர்க்கூட்டத்தில் உட்காருகிறவர்கள் ஆண்கள். ஊர் வரி கட்டும் ஆண்தான் ஊர்க் கணக்கில் ஒரு தலை. 2004 டிசம்பர் 26 சுனாமி, அன்றைய நாகை மாவட்டத்தில் மட்டும் 6,000 பேருக்கு மேல் கொண்டுபோன பிறகு, நிவாரணப் பட்டியல் பல குப்பங்களில் இந்த வரிக் கணக்கின்படியே போடப்பட்டது. கணவனைப் பறிகொடுத்தவர்களும் தனியாக வாழ்ந்த பெண்களும் விடுபட்டார்கள். கூடை சுமந்து மீன் விற்றுக் குடும்பத்தைத் தாங்கியவள் கணக்கில் இல்லை. பெண்கள் அமைப்புகள் சண்டை போட்ட பிறகே சிலருக்குக் கிடைத்தது.

பஞ்சாயத்துக்கும் எல்லை உண்டு என்பதைக் காட்டியது சுருக்குமடி வலை. மீன் கூட்டத்தையே சுற்றி வளைத்து அள்ளும் வலை. சின்னப் படகுக்காரனுக்கு மிச்சம் இருக்காது. தமிழக அரசு அதைத் தடை செய்தது. தரங்கம்பாடித் தரப்பு அந்த வலை வேண்டாம் என்று நிற்க, பூம்புகார், திருமுல்லைவாசல் மீனவர்கள் வேண்டும் என்று நின்றார்கள். இரண்டு பக்கமும் பஞ்சாயத்து இருந்தால் தீர்ப்பு யார் சொல்வது? போலீஸ் குவிக்கப்பட்டது, அதிகாரிகள் அமைதிப் பேச்சுவார்த்தை நடத்தினார்கள். 2023 ஜனவரியில் உச்ச நீதிமன்றம், 12 கடல் மைலுக்கு அப்பால், வாரம் இரண்டே நாள் என்று இடைக்கால அனுமதி தந்தது. அதை நடுக்கடலில் கண்காணிப்பது யார் என்ற கேள்வியோடுதான் சின்னப் படகுகள் இன்றும் கிளம்புகின்றன.

இப்படி ஊரே தீர்ப்புச் சொல்லித் தண்டிக்கும் கட்டப் பஞ்சாயத்து சட்டவிரோதம் என்று 2011இல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. ஊர் விலக்கு வைப்பதற்கும் சட்டத்தில் இடமில்லை. ஆனால் விலக்கப்பட்ட குடும்பம் ஸ்டேஷனுக்குப் போனால் என்ன கிடைக்கிறது? தமிழ்நாடு முழுக்கக் கேட்கிற பதில்தான்: “சி.எஸ்.ஆர். போட்டுத் தர்றோம், பேசி முடிச்சுக்குங்க.” சி.எஸ்.ஆர். என்ற அந்த மனு ரசீதோடு ஊர் திரும்புகிறவர்களை, ஏற்கெனவே விலக்கி வைத்த அதே பஞ்சாயத்துதான் வரவேற்கிறது. பிடியாணை இன்றிக் கைது செய்யக்கூடிய குற்றம் என்று புகாரில் தெரிந்தால் எஃப்.ஐ.ஆர். போட்டே ஆக வேண்டும் என்று 2013இல் அரசியல் சாசன அமர்வு லலிதா குமாரி வழக்கில் தீர்ப்பளித்திருக்கிறது. 2024 ஜூலை 1 முதல் நடப்பிலிருக்கும் புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டப்படி, குற்றம் எந்த ஊரில் நடந்திருந்தாலும் எந்த ஸ்டேஷனிலும் புகார் கொடுக்கலாம். பதிவு செய்த புகாரின் நகலைப் புகார்தாரர் கையில் உடனே, இலவசமாகக் கொடுக்க வேண்டும். ஸ்டேஷனுக்குப் போகிற ஒவ்வொரு மீனவப் பெண்ணும் இதைத் தெரிந்துகொண்டு போகட்டும். அந்த நகலைக் கையில் வாங்காமல் வெளியே வர வேண்டாம்.