நகமும் சதையும்

போன வாரம் தேங்காய் துருவும்போது வலது கை மோதிர விரல் நகம் போய்விட்டது. கிளாசிக்கல் கிட்டார் பழகுகிறவருக்கு நகம் உடைவது, வயலின்காரருக்கு வில் முறிவது மாதிரி. விரல் நகம் மாதத்துக்கு ஏறத்தாழ 3 மில்லிமீட்டர்தான் வளரும். எனக்கு வேண்டியது 2 மில்லிமீட்டர். ஆக, மூன்று வாரம் காத்திருக்க வேண்டும். அவசரக்காரர்கள் பழைய டேபிள் டென்னிஸ் பந்தை நக வடிவில் வெட்டி, பசை போட்டு ஒட்டிக்கொள்கிறார்கள். வேடிக்கையாக இருந்தாலும் நன்றாகவே வேலை செய்கிறது.

இந்த வாத்தியத்துக்கு இடது கையில் நகம் துளியும் கூடாது, தந்தியை அழுத்தவிடாது. வலது கையிலோ விரல் நுனியைத் தாண்டி நிற்க வேண்டும். அதையும் ஹார்டுவேர் கடையில் வாங்கிய மிக நைசான உப்புத்தாளில் தினமும் தேய்த்து வழவழப்பாக்க வேண்டும். கையெழுத்துப் போடும்போது எதிரே இருப்பவர் என் இரண்டு கைகளையும் மாறி மாறிப் பார்ப்பார். எனக்குப் பழகிவிட்டது.

இவ்வளவு பாடும் எதற்கு? வயலினில் வில் ஓடும்வரை ஒலியை மாற்றிக்கொண்டே போகலாம்; குழலுக்கு மூச்சு இருக்கிறது. கிட்டாரில் தந்தி விரலை விட்டு நழுவிய பிறகு வலது கைக்கு வேலையே இல்லை. ஒலியின் ஜாதகம் அந்த நழுவலிலேயே எழுதப்பட்டுவிடுகிறது.

அந்தக் கணத்தைக் கொஞ்சம் நிறுத்திப் பார்ப்போம். இரண்டு முனையிலும் கட்டுண்ட தந்தியை விரல் இழுக்கிறது. தந்தி நேர்கோடாக இல்லாமல் தட்டையான முக்கோணமாக நிற்கிறது. விரல் பிடித்த இடத்தில் ஒரு மடிப்பு. நகத்தின் விளிம்பு மெல்லியது, கடினமானது. அதனால் மடிப்பு, இஸ்திரி போட்ட வேட்டி மடிப்பைப் போலக் கூர்மையாக விழும். சதை அகலம், மெத்து. அதில் விழுவது போர்வை மடிப்பு. கிட்டாரின் ஐந்தாம் தந்தியைச் சுண்டினால் வினாடிக்கு 110 அதிர்வு மட்டும் வருவதில்லை. 220, 330, 440 என்று மேற்சுரங்களும் கூடவே கிளம்புகின்றன. மடிப்பு கூர்மையாக இருந்தால் உயரத்தில் உள்ள மேற்சுரங்களுக்கும் நல்ல பங்கு கிடைக்கும், ஒலி பளிச்சிடும். மடிப்பு மழுங்கலானால் அவை அடங்கிவிடும், ஒலி உருண்டு திரண்டு வரும்.

எந்த இடத்தில் சுண்டுகிறோம் என்பதும் கணக்கில் சேரும். பொதுவாக 65 சென்டிமீட்டர் நீளமுள்ள தந்தியின் சரிபாதி, 12ஆவது ஃபிரெட்டுக்கு நேர் மேலே இருக்கிறது. 220, 440 போன்ற இரட்டைப்படை மடங்கு மேற்சுரங்களுக்கு அந்தப் புள்ளி அசையாத புள்ளி. அசையாத இடத்தில் சுண்டி அவற்றை எழுப்ப முடியாது. அங்கே சுண்டிப் பாருங்கள், ஒலி உள்ளே பொந்து விழுந்தது போலக் கேட்கும். கையைத் தந்தியின் கீழ்முனை கட்டப்பட்ட பிரிட்ஜ் பக்கம் நகர்த்த நகர்த்த ஒலி கூராகும். ஒரே தந்தி, ஒரே சுரம். விரல் ஒரு சாண் நகர்ந்ததும் வேறு வாத்தியம்.

நகமா சதையா என்ற வழக்கு இரு நூற்றாண்டுகளுக்கும் மேல் பழையது. பார்சிலோனாவில் பிறந்த கிட்டார் கலைஞர் ஃபெர்னாண்டோ சோர் சதைக் கட்சி. 1830இல் பாரிஸில் வெளியிட்ட பயிற்சி நூலில் நகத்தால் வாசிப்பவர்களை அவர் வறுத்தெடுத்தார். மாட்ரிட்காரரான தியோனிசியோ அகுவாதோ நகக் கட்சி. அவர் ஒருவரை மட்டும், வாசிப்பின் திறமைக்காகச் சோர் மன்னித்தார். இருவரும் நண்பர்கள், நம் ஊர்ப் பேச்சில் சொன்னால் நகமும் சதையும். இருவரும் சேர்ந்து வாசிக்கச் சோர் எழுதிய இரட்டைக் கிட்டார் இசைக்கு ‘இரு நண்பர்கள்’ என்றே பெயர். ஒரு பகுதிக்குத் தலைப்பில் சோர், மற்றதற்கு அகுவாதோ.

பின்னால் வந்த ஃபிரான்சிஸ்கோ தாரேகா தம் கடைசி ஆண்டுகளில் நகத்தை வெட்டி எறிந்துவிட்டுச் சதைக்கு மாறினார். அப்போதெல்லாம் மெல்லிய தந்திகள் ஆட்டுக்குடலில் செய்தவை. இரண்டாம் உலகப் போரில் குடல் அறுவை சிகிச்சைத் தையலுக்குப் போக, நைலான் அந்த இடத்துக்கு வந்தது. வழுவழுப்பான நைலானில் இன்று பெரும்பாலோர் பின்பற்றுவது சமரசம்: தந்தி முதலில் சதையைத் தொடுகிறது, பிறகு நகத்தின் சரிவில் ஏறி வழுக்கி விடுபடுகிறது. நகத்தைச் சரிவாகத் தேய்ப்பது இதற்குத்தான்.

ஞாயிற்றுக்கிழமைகளில் நண்பர் ஒருவர் வருவார். சமையல் அவர் பொறுப்பு என்பதால் அவருக்கு நகம் நிற்பதே இல்லை, முழுச் சதை. கிட்டார் இசையமைப்பாளர் காருல்லியின் எளிய இரட்டைக் கிட்டார் இசை ஒன்றை எடுத்தோம். செல்பேசியில் பதிவு செய்து கேட்டதில், என் பகுதி தட்டில் கரண்டி பட்ட மாதிரி, அவர் பகுதி அடுத்த அறையிலிருந்து வருகிற மாதிரி. இரண்டாம் தடவை நான் கையை வட்டத் துளைக்கு மேலே ஏற்றினேன். அவர் பிரிட்ஜ் பக்கம் இறங்கினார். பாதிப் பாட்டில், இப்போது வந்த சுரம் யாருடையது என்று இருவருமே நிமிர்ந்து பார்த்தோம். தாளம் தப்பிவிட்டது.